விடைத்தாளுக்குச் சாதி தெரியாது: எழுத்துத் தேர்வுக்கு மாற்றுத் தேடுவோரிடம் சில கேள்விகள்

1

மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை. 'பள்ளி பிராஜக்ட் செய்து தரப்படும்' என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஏதோ கட்டுரை ஒன்றைப் பிரதியெடுக்கப் போய் நின்றபோது ஏழாவது படிக்கிற ஒரு பெண் வந்து, "அண்ணா, கடல்வாழ் உயிரினங்கள் ஒண்ணு" என்றாள். மிட்டாய் கேட்பதுபோலத்தான் கேட்டாள். கடைக்காரர் வண்ணத்தில் அச்சடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். டால்பின், ஆக்டோபஸ், கடல்குதிரை, நட்சத்திர மீன். அவள் கடைக்குப் பின்னால் இருக்கிற குப்பத்துப் பெண். அவள் அம்மா கூடையில் மீன் விற்கிறவர். "இதுல சங்கரா, காரப்பொடி, நெத்திலி ஒண்ணும் காணோமேம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் வீட்டு மீனு. மிஸ் படம் ஒட்டச் சொன்னாங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

இந்தத் தாள் ஒட்டப்பட்ட இடத்தின் பெயர் 'வளரறி மதிப்பீடு'. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் குழந்தையின் அறிவைத் 'தொடர்ச்சியாகவும் முழுமையாகவும்' மதிப்பிட வேண்டும் என்றது. தொடக்கக் கல்வி முடிகிறவரை எந்த வாரியத் தேர்வையும் எழுத வைக்கக்கூடாது என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு இது நடைமுறைக்கு வந்தது. நூறு மதிப்பெண்ணில் 60 எழுத்துத் தேர்வுக்கு, அதாவது தொகுத்தறி மதிப்பீட்டுக்கு. மீதி 40 வளரறி மதிப்பீட்டுக்கு. அந்த நாற்பதில் பாதி செயல்பாடுகளுக்கு, பாதி சிறு தேர்வுகளுக்கு. மனப்பாடத்துக்கு வெளியே குழந்தைக்கு என்ன தெரியும் என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் கடலோரத்தில் பிறந்த ஒரு பெண், கடலைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை வீட்டில் வைத்துவிட்டு, தெரியாததைக் காசு கொடுத்து வாங்கி ஒட்டினாள்.

வழக்கமான கட்டுரை என்றால் இங்கேயே முடிவு தயார். நல்ல திட்டம், சந்தை விழுங்கிவிட்டது, ஆசிரியர்களுக்குப் புரியவில்லை, அதிகாரிகளுக்கு அக்கறையில்லை. இவையெல்லாம் உண்மைதான். நம் கூட்டங்களிலும் இதைத்தான் பேசுகிறோம். எனக்கு வேறொரு சந்தேகம். திட்டம் தோற்றதால் மட்டும்தான் இப்படி ஆனதா? திட்டம் முழுசாக வெற்றி பெற்றிருந்தால் அந்தப் பெண்ணுக்கும், அவளுக்கும் கீழே வைக்கப்பட்டிருக்கிற பிள்ளைகளுக்கும் அது நன்மையாகவே முடிந்திருக்குமா?

2

எழுத்துத் தேர்வு மீதான நம் விமர்சனம் புதிதல்ல. மிஷேல் ஃபூக்கோ 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் (1975) தேர்வு என்கிற சடங்கைப் பிரித்துப் போட்டுக் காட்டினார். மேலிருந்து பார்க்கிற பார்வையும், இது சரி இது பிசகு என்று தரம் பிரிக்கிற தீர்ப்பும் தேர்வில் ஒன்றாகச் சேர்கின்றன. தேர்வு எழுதுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு கோப்பாக, ஒரு எண்ணாக, ஒப்பிடத்தக்க ஒரு 'கேஸாக' மாறுகிறார். பள்ளி, மருத்துவமனை, பட்டாளம் எல்லாம் ஒரே மொழியைப் பேசத் தொடங்குவது இப்படித்தான்.

இதை நம் மாவட்டத்தில் பார்க்க வேண்டுமானால் வடநெம்மேலிக்குப் போகலாம். இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் அங்கே இருக்கிறது. பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்ட பிறகு பிழைப்பற்றுப் போன இருளர்களுக்காக ரோமுலஸ் விட்டேக்கரும் அவர்களும் சேர்ந்து உருவாக்கியது. நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்து வருவார்கள். பானையில் வைத்து விஷம் எடுத்த பின் திரும்பவும் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்திய விஷமுறிவு மருந்தின் கச்சாப்பொருள் இங்கிருந்து போகிறது. மண்ணில் ஊர்ந்த தடம், உரித்த சட்டை, எச்சம், வளை வாயின் வழவழப்பு இவற்றைப் பார்த்து என்ன பாம்பு, எவ்வளவு பெரியது, உள்ளே இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்கிற அறிவு அது.

செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களை 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பெருகிக் கிடக்கும் பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் இவர்கள் பதின்மூன்று பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று பதினாறு அடி. முன்பின் பார்த்திராத நிலம், பார்த்திராத பாம்பு. மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவரால் இது ஆகாது. தெரிந்ததைத் தெரியாத இடத்தில் பொருத்திப் பார்க்கிற ஆற்றல் என்று கல்வியியல் பாடநூல்கள் எதை உச்சியில் வைக்கின்றனவோ, அது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுக்கப்பட்டது. பத்திரிகைகள் எல்லாம் மறக்காமல் 'பள்ளிப் படிப்பு இல்லாதவர்கள்' என்று ஒரு வரி சேர்த்தன. அந்த வரியில் வியப்பு இருக்கிறது. பள்ளியின் மேல் ஒரு சந்தேகமும் அதில் இருந்திருக்க வேண்டும். அது இல்லை.

எனவே எழுத்துத் தேர்வு இந்த அறிவைப் பார்க்காது, செயல்முறைத் தேர்வு பார்க்கும், ஆகவே செயல்முறைக்கு மாறுவோம் என்பது நேர்கோடாகத் தெரிகிறது. நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன்.

3

இந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் ஓர் இருளர் தகப்பன். திருக்கழுக்குன்றம் பக்கம் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அலைந்த கதையை என்னிடம் சொன்னார். பழங்குடி என்று நிரூபிக்க வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் கேட்டாராம்.

"பாம்பு புடிச்சுக் காட்டு, அப்பத்தான் நீ இருளன்னு நம்புவேன்னாரு சார். எங்கப்பா காலத்துலேர்ந்தே நாங்க சூளைக்குப் போறவங்க. முன்பணம் வாங்கிட்டு வருசக்கணக்கா அங்கயே கெடந்தோம். நான் எங்க பாம்பப் பாத்தேன்?"

இதுவும் ஒரு செயல்முறைத் தேர்வுதான் என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுத்தில்லை, மனப்பாடமில்லை, மனுவில்லை. செய்து காட்டு, அவ்வளவுதான். மாற்றுக் கல்வியாளர்கள் கேட்கிற எல்லாமும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்வு அவரிடம் கேட்டது அறிவை அல்ல. உன் பிறப்புக்கு நாங்கள் ஒதுக்கியிருக்கிற வேலையைச் செய்து காட்டு என்று கேட்டது. செய்தால் நீ இருளன், அதனால் அங்கேயே இரு. செய்யாவிட்டால் நீ இருளனே இல்லை, அதனால் சலுகை கிடையாது. இரண்டு பக்கமும் மூடிய வளை.

அவரே பிறகு சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"எம் பொண்ணு பத்தாவது எழுதினா சார். அந்தப் பேப்பர திருத்துறவருக்கு அவ பேரே தெரியாதாமே. வெறும் நம்பர்தானாம். எங்கயோ வேற ஊர்ல வெச்சுத் திருத்துறாங்களாம். அதுல பாசாயிட்டா."

பேரில்லாததை அவர் ஒரு பாக்கியமாகச் சொன்னார். ஃபூக்கோவைப் படித்த நான் மனிதரை எண்ணாக்குவது வன்முறை என்று எழுதிக்கொண்டிருந்தேன். எண்ணாக ஆன ஒரே ஒரு இடத்தில்தான் தன் மகள் இருளச்சியாகப் பார்க்கப்படவில்லை என்று அவர் சொல்கிறார். பள்ளியில் அவளை எல்லோரும் பார்த்தார்கள். அவள் உடையைப் பார்த்தார்கள், எண்ணெய் வைக்காத தலையைப் பார்த்தார்கள், எத்தனை நாள் வரவில்லை என்று பார்த்தார்கள். விடைத்தாள் மட்டும் பார்க்கவில்லை. விடைத்தாளுக்குக் கண் இல்லை. சாதி தெரியாது.

இதை எழுத்துத் தேர்வுக்கு வக்காலத்து என்று தோழர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். விடைத்தாளுக்குச் சாதி தெரியாது என்பது பாதி உண்மை. கேள்வித்தாளுக்குத் தெரியும். யாருடைய மொழியில் கேட்பது, எதை 'அறிவு' என்று கேட்பது, எது வீட்டிலேயே புத்தகமாகக் கிடைக்கிறது, யாருக்கு டியூஷன் உண்டு என்பதெல்லாம் அங்கே முன்பே முடிவாகிவிடுகிறது. 2017இல் அனிதாவுக்கு நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் 1200க்கு 1176 வாங்கிய தலித் மாணவி நீட் என்னும் இன்னொரு எழுத்துத் தேர்வால் வெளியே நிறுத்தப்பட்டார். இரண்டும் பெயரைப் பார்க்காத தேர்வுகள்தாம். ஆகப் பெயர் மறைப்பது மட்டும் நீதி ஆகாது. ஆனால் அந்த மறைப்பைக் கைவிடும்போது கைவிடுகிறவர் யார், அதற்கு விலை கொடுக்கப்போகிறவர் யார் என்று கேட்காமல் விடுவதும் நீதி ஆகாது.

4

கண் உள்ள மதிப்பீடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம்மிடம் சான்று இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஆராயச் சுகதேவ் தோரட் தலைமையில் 2006இல் அமைக்கப்பட்ட குழு அடுத்த ஆண்டே அறிக்கை கொடுத்தது. அந்த மாணவர்கள் தங்களுக்குப் பாகுபாடு நேர்கிற இடங்களாகச் சுட்டியவற்றில் முக்கியமானவை செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும். அதாவது ஆசிரியரும் மாணவரும் முகத்துக்கு முகம் நிற்கிற இடங்கள். நாட்டின் முதல்தர மருத்துவக் கல்லூரியில் இது என்றால் ஊர்ப் பள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். நாங்குநேரியில் 2023இல் ஒரு பள்ளி மாணவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகுதான் பள்ளிகளில் சாதியைப் பற்றி ஆராய நீதிபதி சந்துரு குழு வந்தது. அதன் அறிக்கை 2024 ஜூனில் அரசிடம் கொடுக்கப்பட்டது.

மேல்நிலை வகுப்புகளில் செய்முறை மதிப்பெண்ணும் அகமதிப்பீடும் பெரும்பாலும் எல்லோருக்கும் முழுசாகவே போடப்படுகின்றன. எனவே இவை எதையும் அளப்பதில்லை என்று நாம் கேலி செய்கிறோம். நான் படித்த பள்ளியிலும் அப்படித்தான் போட்டார்கள். ஆனால் ஆண்டு முழுக்க ஒரு வாக்கியம் வகுப்பில் தொங்கிக்கொண்டே இருந்தது: "பிராக்டிகல் மார்க்குல கை வெச்சிருவேன்." எதிர்த்துப் பேசினால், வெள்ளைச் சட்டை அழுக்கானால், யாரோடு பழகக்கூடாதோ அவரோடு பழகினால் இந்த வாக்கியம் வரும். கடைசியில் யாருக்கும் கை வைக்கப்படவில்லை. எல்லோருக்கும் கொடுக்கப்படும் மதிப்பெண் அளவுகோலாகச் செத்துப்போகிறது. மிரட்டலாக மட்டும் உயிரோடு இருக்கிறது. அதுவும் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. டாக்டர் வீட்டுப் பையனைப் பார்த்து அந்த வாக்கியம் ஒருநாளும் சொல்லப்பட்டதில்லை.

பிரிட்டிஷ் கல்விச் சமூகவியலாளர் பேசில் பெர்ன்ஸ்டைன் எழுபதுகளில் செய்த ஒரு பிரிவினை இங்கே உதவுகிறது. வெளித்தெரிகிற கற்பித்தல், வெளித்தெரியாத கற்பித்தல் என்று இரண்டைப் பிரித்தார். முன்னதில் எது சரி, எதற்கு எவ்வளவு என்பது கறாராக இருக்கும். குழந்தைக்கு மூச்சு முட்டும், ஆனால் தன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்று தெரியும். பின்னதில் விளையாட்டு, சுதந்திரம், செயல்பாடு எல்லாம் உண்டு. அளவுகோல் மட்டும் ஆசிரியர் மனதுக்குள் இருக்கும். அதை ஊகிக்கத் தெரிந்தது நடுத்தர வர்க்கக் குழந்தை. ஏனென்றால் அதன் வீடும் அதே மொழியைப் பேசுகிறது. அளவுகோல் மங்க மங்கக் குழந்தையின் பாடத்தோடு நில்லாமல் நடை, பேச்சு, சிரிப்பு என்று முழு ஆளும் பார்வைக்குள் வந்துவிடுகிறது. கிராம்சியும் சிறைக் குறிப்புகளில் இதற்குப் பக்கத்தில் வருகிறார். இத்தாலியில் 1923இல் ஜென்டிலே கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தம் பழைய பள்ளியின் வறட்டு இலக்கணப் பயிற்சியைக் கேலி செய்தபோது, ஏழைக் குழந்தைக்கு அந்த வறட்டுப் பயிற்சியை வீட்டில் யார் தருவார் என்று அவர் கவலைப்பட்டார். ஒரு புரட்சிக்காரர் பழைய பள்ளிக்காகப் பேசியதை நம்மவர்கள் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை.

5

மதிப்பீட்டுப் பதிவேட்டை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். முப்பருவ முறையோடு வந்த பதிவேட்டில் பாடங்களுக்கு அப்பால் 'கல்வி இணைச் செயல்பாடுகள்' என்று ஒரு பகுதி. அதில் வாழ்க்கைத் திறன்கள், மனப்பான்மையும் மதிப்புகளும், உடல்நலமும் யோகாவும் என்றெல்லாம் கட்டங்கள். ஒரு குழந்தையின் மனப்பான்மைக்கு ஏ, பி, சி. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் இந்தக் கட்டங்கள் ஒரே நாளில், ஒரே மாதிரி நிரப்பப்பட்டன என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். நல்லவேளை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உண்மையாக நிரப்பியிருந்தால்? சூளையிலிருந்து வந்த பிள்ளை 'ஒழுங்காக' இருப்பதில்லை, குப்பத்துப் பிள்ளை 'சத்தமாக'ப் பேசுகிறது, சேரிப் பிள்ளைக்கு 'மரியாதை' தெரியவில்லை. ஊரின் பொதுப்புத்தி பேசிக்கொண்டிருந்தது பதிவேட்டில் எழுத்தாகியிருக்கும். திட்டத்தின் தோல்வி அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்போது இந்தக் கட்டங்கள் வட்டமாகியிருக்கின்றன. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை '360 டிகிரி' முழுமைத் தேர்ச்சி அட்டை என்கிறது. ஆசிரியர் மதிப்பீடு, சக மாணவர் மதிப்பீடு, தன்மதிப்பீடு மூன்றும் அதில் சேரும். கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதியாகப் பிரிந்து பெஞ்சில் உட்காருகிற வகுப்பில் 'சக மாணவர்' என்பவர் யார்? தன்னைத்தானே தாழ்த்திக்கொள்ளக் கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளையின் தன்மதிப்பீடு எதைச் சொல்லும்? எல்லாப் பக்கமும் பார்வை உள்ள இடத்தில் ஒளிந்துகொள்ள மூலை கிடையாது. சில பிள்ளைகள் பள்ளியில் பிழைத்திருப்பதே அந்த மூலையால்தான். இதே கொள்கைதான் 3, 5, 8 வகுப்புகளுக்கும் தேர்வு வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 5, 8 வகுப்புகளுக்கு 2019இல் அறிவித்த பொதுத்தேர்வு, எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டது. இவற்றை வரவேற்கிறேன். ஆனால் ஒரு தேர்வு காலி செய்த இடத்தில் எந்தக் கண் வந்து உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவமும் நம்மிடம் உண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல். சுவரில் ஒரு கற்றல் ஏணி, அதில் படிப்படியாகச் சின்னங்கள், ஒவ்வொரு சின்னத்துக்கும் ஓர் அட்டை. குழந்தை தானே அட்டையை எடுக்கும், முடிக்கும், அடுத்த படிக்குப் போகும். தேர்வும் அந்த வரிசையில் இன்னொரு அட்டைதான். தனியாக ஒரு நாள் இல்லை, அச்சமில்லை. அதன் குறைகள் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அட்டை இயந்திரமானது, ஆசிரியர் அட்டை எடுத்துக் கொடுப்பவரானார், எல்லாம் சரி. ஒரு விஷயத்தை மட்டும் நாம் கவனிக்கத் தவறினோம். அங்கே அளவுகோல் சுவரில் இருந்தது. நான் எங்கே இருக்கிறேன், அடுத்து என்ன என்று ஆறு வயதுக் குழந்தைக்கே தெரிந்தது. ஆசிரியர் மனதுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்பட்டார்கள். மதிப்பீடு ஆசிரியரின் கைபேசிச் செயலிக்குள் போனது. சுவரில் இருந்தது பைக்குள் போய்விட்டது. நான் அரும்பா மொட்டா என்று குழந்தைக்கு முன்னால் சர்வருக்குத் தெரிகிறது.

6

இங்கே இன்னொரு பழைய காயத்தையும் தொட வேண்டும். கைத்தொழில் அறிவைப் பள்ளி மதிக்க வேண்டும் என்று சொன்னவுடன் 1953 ஞாபகம் வர வேண்டும். ராஜாஜி கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்றார். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. எழுத்துக்கு வெளியே உள்ள அறிவை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்த திட்டம் யாரை எங்கே நிறுத்தப் பார்த்தது என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். இருளர் தகப்பனிடம் 'பாம்பு புடிச்சுக் காட்டு' என்றவர் ராஜாஜியைப் படித்திருக்க மாட்டார். படிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படியானால் கைத்தொழில் அறிவைப் பள்ளிக்கு வெளியேயே விட்டுவிடுவதா? மாமல்லபுரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. சிற்பப் பட்டறையில் சேரும் பையன் முதலில் கற்பது உளி தீட்டுவது. அவன் கற்றானா என்று யாரும் கேள்வி கேட்பதில்லை. உளி மழுங்கினால் கல்லே சொல்லிவிடும். மூக்கு உடைந்தால் ஒப்பேற்ற முடியாது. இவ்வளவு நேர்மையான தேர்வு உலகில் குறைவு. ஆனால் அந்தப் பட்டறைக்குள் யார் நுழையலாம் என்பதைப் பன்னெடுங்காலம் பிறப்பு முடிவு செய்தது. இதே ஊரில் 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிறுவனம் பின்னாளில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாகியது. அங்கே விண்ணப்பம் போட்டுச் சேரலாம். எழுத்துத் தாளும் உண்டு, கல்லும் உண்டு. பரம்பரை ஸ்தபதிகளின் ஆசிரியத்துவம் அங்கே எந்த அளவுக்கு ஜனநாயகப்பட்டது என்பது தனியாக ஆராய வேண்டியது. ஆனால் வாசலைத் திறந்தது கல்லின் நேர்மை அல்ல. பெயரும் மதிப்பெண்ணும் உள்ள ஒரு காகிதம். அந்தக் காகிதத்தை நாம் லேசாகக் கிழித்துப் போட முடியாது.

ஐந்து ரதங்களைப் பார்க்க வருகிற கூட்டம் வலையன்குட்டை ரதத்துக்கும் பிடாரி ரதங்களுக்கும் போவதில்லை. அவை பாதியில் விடப்பட்டவை. மேலே சிகரம் முடிந்திருக்கும், கீழே வெறும் பாறை. மேலிருந்து கீழே வேலை வந்தது என்பது அவற்றைப் பார்த்தால்தான் விளங்கும். முடிந்த ரதம் இதைச் சொல்லாது. எழுத்துத் தேர்வு முடிந்த ரதத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுகிறது. வளரறி மதிப்பீடு பாதி ரதத்தைப் பார்க்க ஆசைப்பட்டது. அந்த ஆசை சரியானது. பாதி ரதத்தை எதற்காகப் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி. அடுத்து எங்கே உளி வைப்பது என்று தெரிந்துகொள்ளவா, சிற்பியின் சாதியும் குணமும் பற்றிக் குறிப்பெழுதவா?

7

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இது பெருமைக்காக அல்ல.

கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடையே ஒரு ஊரில் நண்பர்கள் சிலர் மாலை வகுப்பு நடத்தினோம். ஆண்டு முடிவில் தேர்வு வேண்டாம், பிள்ளைகள் தாங்கள் கற்றதை ஊர் முன்னால் சொல்லட்டும், கேள்வி கேட்பது பெரியவர்களாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் காற்றைப் பற்றிப் பேசினார்கள். கொண்டல், வாடை, கச்சான், எந்தக் காற்றில் எந்த மீன். வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்குப் பெயர் சொன்னார்கள். ஒரு பையன் தப்பாகச் சொன்னபோது கிழவர் ஒருவர் எழுந்து, "டேய், அது உங்க தாத்தா வலைய இழந்த தண்ணிடா" என்று திருத்தினார். எங்களுக்குப் புல்லரித்தது. மாற்று மதிப்பீடு என்று பத்து ஆண்டாக எழுதியது கண்முன்னால் நடக்கிறது என்று நினைத்தோம்.

பிறகு உப்பங்கழி ஓரத்து இருளர் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு சிறுமி எழுந்தாள். கழியில் கையால் இறால் பிடிப்பது எப்படி என்று சொல்லத் தொடங்கினாள். சேற்றுக்குள் விரலை எப்படி வைப்பது, இறால் எந்தப் பக்கம் துள்ளும். இரண்டாவது வாக்கியத்திலேயே பின்னாலிருந்து சிரிப்பு. "தடவறவங்க." படகில் போகிறவர் கையால் தடவுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. கிழவரும் சிரித்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் வகுப்புக்கு வரவில்லை. எழுத்துத் தேர்வு வைத்திருந்தால் அவள் அழுதிருக்க மாட்டாள். எங்கள் விடுதலைத் தேர்வில் அழுதாள்.

அடுத்த முறை நாங்கள் இரண்டு காரியம் செய்தோம். கேள்வி கேட்கிற பாயில் குடியிருப்பிலிருந்து இரண்டு மூத்த பெண்களை உட்கார வைத்தோம். கழியைப் பற்றிய கேள்வியை அவர்கள்தாம் கேட்பார்கள். இரண்டாவது, என்ன கேட்கப்படும், எது நல்ல பதில் என்பதை ஒரு வாரம் முன்பே பிள்ளைகளோடு பேசிச் சுவரில் எழுதினோம். அதில் குணம், ஒழுக்கம், மனப்பான்மை எதுவும் கிடையாது. அன்று ஒரு குப்பத்துப் பையன் இறாலைப் பற்றி உளறியபோது அந்தப் பெண்களில் ஒருவர், "தம்பி, நீ கைய உள்ள வுட்டதே இல்ல" என்றார். கூட்டம் சிரித்தது. இந்தமுறை சிரிப்பு வேறு திசையில் போனது. அதுவும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதை இன்னொரு பிள்ளையைப் பார்த்துச் சிரித்துச் சரிசெய்ய முடியாது. ஆனாலும் பாயில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது மாறியவுடன் எது அறிவு என்பதும் மாறியதை அன்று எல்லோரும் பார்த்தார்கள். அந்தச் சிறுமி அன்று வந்திருந்தாள். பேசவில்லை.

ஆகவே தோழர்களிடம் நான் வைக்கிற கேள்விகள் இவை. கற்பிப்பதற்காகச் செய்கிற மதிப்பீட்டையும் சலித்து எடுப்பதற்காகச் செய்கிற மதிப்பீட்டையும் நாம் பிரித்துப் பேசுகிறோமா? இடம், வேலை, சான்றிதழ் தீர்மானமாகிற இடத்தில் பெயர் மறைத்த தாள் ஒரு கேடயம். கேள்வித்தாளை மாற்றப் போராடுவோம். கேடயத்தைப் பறிக்க வேண்டாம். வகுப்பறைக்குள் எத்தனை விதமான மதிப்பீடும் வரட்டும், ஆனால் அளவுகோல் சுவரில் இருக்கட்டும். பிள்ளையும் பெற்றவரும் 'ஏன்' என்று கேட்கிற உரிமை அதோடு வரட்டும். பிள்ளையின் கற்றலை அளக்கலாம். பிள்ளையை அளக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அளக்கிற பாயில் யார் உட்கார்ந்திருக்கிறார்? தேர்வு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று பேசுகிற நம் கூட்டங்களில் இந்தக் கேள்வி ஏன் கடைசியில்கூட வருவதில்லை?

மதிப்பிடுவதையே வேலையாக வைத்திருக்கும் விமர்சகன் என்பதால் இதை எனக்கும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.